பூனையின் உணவுக் கிண்ணத்தில் நீரிழிவின் வரலாறு

நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, வீட்டைவிட்டு வெளியே செல்லாத பூனை ஒன்று அளவுக்கு மீறி நீர் குடிக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. நன்றாக உண்டும் மெலிகிறது. சில வாரங்களில் பின்னங்கால்கள் வலுவிழந்து, விரல்களால் நடக்க வேண்டிய உயிர் குதிகால்களைத் தரையில் ஊன்றி நடக்கத் தொடங்குகிறது. கால்நடை மருத்துவர் நீரிழிவு என்று உறுதி செய்து, நாளொன்றுக்கு இரண்டு வேளை இன்சுலின் ஊசியையும் மாவுச்சத்துக் குறைந்த உணவையும் பரிந்துரைக்கிறார். இன்று உலகின் பல நகரங்களில் இது வழக்கமான மருத்துவம். ஆயினும் இந்தப் பரிந்துரையின் இரண்டாம் பகுதி, அதாவது மாவுச்சத்தைக் குறைத்தல், பூனையை வந்தடைய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த இருநூறு ஆண்டுகளில் பூனை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் மேசையில்தான் இருந்தது. நோயாளியாக அது ஏற்கப்பட்டது மிகப் பிற்காலத்தில்.

1. இறைச்சி உணவிலிருந்து பட்டினி வரை

சிறுநீர் இனிக்கும் நோயை இந்திய மருத்துவ நூல்கள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தன. சுசுருத சங்கிதை பிறவியிலேயே வரும் பிரமேகத்தையும் தகாத உணவால் வரும் பிரமேகத்தையும் வேறுபடுத்திப் பேசுகிறது. ஐரோப்பாவில் இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்பதை 1776-இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் காட்டினார். நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்தபோது சர்க்கரைபோல் சுவைக்கும் வெண்படிவு எஞ்சியது, குருதிநீரும் இனித்தது. ஆகவே இது சிறுநீரகத்தோடு நின்றுவிடும் கோளாறு அன்று, உடல் முழுவதையும் பற்றிய கோளாறு என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்த எண்ணத்தை உணவுமுறையாக மாற்றியவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ. மெரிடித் என்ற பருத்த உடலுடைய படைத்தலைவருக்கு அவர் தாவர உணவைப் பெருமளவு விலக்கி, இரத்தத்தில் செய்த புட்டு, பழைய இறைச்சி, கொழுப்பு ஆகியவற்றை அளித்தார். சிறுநீரின் அளவும் அதிலிருந்த சர்க்கரையும் குறைந்தன. 1797-இல் வெளியான ரோலோவின் நூல், நீரிழிவுக்கு மாவுச்சத்துக் குறைப்பை முறையாக முன்வைத்த முதல் நூல்களில் ஒன்று. மனிதருக்கு அவர் வகுத்த அந்த உணவுப் பட்டியல், உள்ளடக்கத்தில் ஒரு பூனையின் இயல்பான உணவை ஒத்திருந்தது என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

அடுத்த கட்டம் பிரான்சில் நிகழ்ந்தது. 1870-71-இல் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது ரொட்டியும் மாவும் அரிதாயின. மக்கள் குதிரைகளையும் எலிகளையும் பூனைகளையும்கூட உண்ணும் நிலை ஏற்பட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் தம் நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை மருத்துவர் அப்போலினேர் பூஷார்தா கவனித்தார். குறைவாக உண்ணுதல், உண்ணா நாள்களைக் கடைப்பிடித்தல், உடலுழைப்பு ஆகியவை அவருடைய மருத்துவத்தின் தூண்களாயின.

1889-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் யோசெப் ஃபான் மெரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் நாயின் கணையத்தை முழுமையாக அகற்றினால் நீரிழிவு தோன்றும் என்று நிறுவினர். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் கணையத்தின் பெரும்பகுதியை அகற்றி ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டுவைத்து, நாய், பூனை முதலிய விலங்குகளில் ஆய்வு செய்தார். மிகுதியாக உணவளித்தால் எஞ்சிய கணையமும் சீர்கெட்டது. உணவைக் கட்டுப்படுத்தினால் விலங்கு நெடுநாள் தாங்கியது. 1913-இல் வெளியான அவருடைய பெருநூலின் சாரம் இதுவே. இதனடிப்படையில் உருவான ‘பட்டினி மருத்துவம்’ குழந்தைகளுக்கும் அளிக்கப்பட்டது. அமெரிக்க அரசியல் தலைவர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் டொரண்டோவுக்கு வந்தபோது ஏறத்தாழ 20 கிலோ எடையே இருந்தார். அவருக்கு அப்போது வயது 14, 15. பட்டினி அவரை இன்சுலின் வரும்வரை உயிரோடு வைத்திருந்தது. அதற்கு மேல் எதுவும் செய்ய அதனால் இயலவில்லை.

2. கட்டப்பட்ட பூனையும் அச்சமும்

இந்த வரலாற்றில் பூனைக்கெனத் தனி இடம் ஒன்று 1878-இல் அமைந்தது. ரூடால்ஃப் போம், ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் மாவுச்சத்து வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். எவ்வித நோயும் இல்லாத பூனையை மேசையில் கட்டிவைத்தாலே அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதை அவர்கள் கண்டனர். ‘கட்டுதலால் வரும் நீரிழிவு’ என்ற பொருள்பட அதற்கு ஜெர்மன் மொழியில் பெயரும் சூட்டினர்.

1911-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனனும் அவருடைய உடனாய்வாளர்களும் இதை மேலும் ஆராய்ந்தனர். கூண்டிலிருந்த பூனையைத் தொடாமல், அதன்மீது நாயைக் குரைக்கச் செய்தாலும் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அட்ரினல் சுரப்பிகளை அகற்றிய பூனைகளில் அது வரவில்லை. அச்சமும் சினமும் உடலின் சர்க்கரைச் சேமிப்பைத் திறந்துவிடுகின்றன என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. கேனன் குழுவினர் இதே மாற்றத்தை ஹார்வர்டின் கால்பந்து வீரர்களிடமும் தேடினர். களத்தில் இறங்காமல் வெளியே காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள் சிலருடைய சிறுநீரிலும் சர்க்கரை இருந்தது. மனவெழுச்சியின் உடலியல் என்று இன்று பாடநூல்களில் பயிலும் பகுதியின் அடித்தளத்தில் அஞ்சிய பூனைகள் இருக்கின்றன.

பிற்காலக் கால்நடை மருத்துவத்துக்கு இது பெரும் இடர்ப்பாட்டைத் தந்தது. மருத்துவமனைக்குக் கூண்டில் கொண்டுவரப்பட்ட பூனையின் இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தால் அது நோயா, அச்சமா? ஒரே ஓர் அளவீட்டால் இதற்கு விடை காண இயலாது. அச்சத்தால் உயர்ந்த சர்க்கரையை நோயெனக் கொண்டு இன்சுலின் அளவைக் கூட்டினால், வீடு திரும்பி அமைதியடைந்த பூனை தாழ்சர்க்கரையில் வீழ்ந்து இறக்கவும் கூடும். முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃபிரக்டோசமின் சோதனை இதனாலேயே முதன்மை பெற்றது. 2000-ஆம் ஆண்டளவில் சூரிக் பல்கலைக்கழகத்தின் கிளாடியா ராய்ஷ் குழுவினர், காது ஓரத்தில் ஒரு துளி குருதி எடுத்து வளர்ப்போரே வீட்டில் சர்க்கரையை அளக்கும் முறையைப் பரவலாக்கினர். மேசையில் கட்டப்பட்ட பூனையிடமிருந்து பெற்ற அறிவு, பூனையைக் கட்டாமல் அளப்பதற்கான காரணமாக மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

3. இன்சுலினும் மறதியும்

1921-22-இல் டொரண்டோவில் பேன்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியோட் ஆகியோரின் பணியால் இன்சுலின் மருந்தாயிற்று. பட்டினி மருத்துவம் விரைவில் கைவிடப்பட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்க வேண்டியதில்லை என்ற கருத்தும் மனித மருத்துவத்தில் வளர்ந்தது. 1970-களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டர்சன், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவால் நீரிழிவைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். சென்னையில் மருத்துவர் எம். விஸ்வநாதனும் இத்தகைய உணவுமுறையை முன்வைத்தார். தானியத்தை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தின் உணவுப் பழக்கத்தோடு அது இசைந்தது.

சிக்கல், இந்த அறிவு இனம் விட்டு இனம் கடந்தபோது எழுந்தது. நாய்க்கும் மனிதருக்கும் நார்ச்சத்து பயன் தந்ததால் பூனைக்கும் அதுவே பரிந்துரைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீரிழிவுற்ற பூனைக்கு உரிய உணவு என்றால் நார்ச்சத்து மிகுந்த உணவு என்றே பொருள். இதில் ஓரளவு பயன் இருந்ததைக் காட்டும் ஆய்வும் உண்டு. ஆகவே அதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. எனினும் பூனை சிறிய நாய் அன்று என்ற எளிய உண்மை, சிகிச்சை நெறிகளில் உரிய இடம் பெறவில்லை.

இதே காலத்தில் பூனையின் கிண்ணமும் மாறிக்கொண்டிருந்தது. 1860-களில் ஜேம்ஸ் ஸ்பிராட் இலண்டனில் விற்ற நாய் பிஸ்கட்டுகளோடு தொழில்முறைச் செல்லப்பிராணி உணவின் வரலாறு தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு, டப்பா உணவின் இடத்தில் உலர் உணவை அமர்த்தியது. 1950-களில், மாவுக் கலவையை வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் துளை வழியே தள்ளிப் பொரிய வைக்கும் இயந்திரமுறை இத்தொழிலுக்குள் வந்தது. இம்முறையில் துண்டு உருக்குலையாமல் பொரிந்து நிற்கப் பொதுவாக மாவுச்சத்து தேவை. உலர் உணவில் சோளமும் அரிசியும் கிழங்கும் இடம்பெற்றதற்கு விலை ஒரு காரணம். இயந்திரத்தின் தேவை மற்றொன்று. பூனையின் உடல் அவற்றைக் கேட்டது என்பது காரணமாக இருந்ததில்லை.

4. இனிப்பை அறியாத உயிர்

பூனை கட்டாய ஊனுண்ணி. அதன் உமிழ்நீரில் மாவைச் செரிக்கும் அமிலேஸ் நொதி இல்லை, கணையத்திலும் குறைவு. உணவுக்குப் பின் திடீரெனப் பெருகும் சர்க்கரையைக் கல்லீரலில் ஈர்த்துக்கொள்ள உதவும் குளுக்கோகைனேஸ் நொதியின் செயற்பாடு பூனையில் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய சர்க்கரையை அது புரதத்திலிருந்தே இடைவிடாது உருவாக்கிக்கொள்கிறது. 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தோர், இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடப்பதைக் கண்டறிந்தனர். 2011-இல் வெளியான இரு ஆய்வுகள் இதே திசையைக் காட்டின. வீட்டுப் பூனைகள் தாமே தேர்ந்துகொள்ள விடப்பட்டபோது, ஆற்றலில் ஏறத்தாழ 52 விழுக்காட்டைப் புரதத்திலிருந்தும் 36 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தும் 12 விழுக்காட்டை மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் பெற்றன. தாமே வேட்டையாடி வாழும் பூனைகளில் மாவுச்சத்தின் பங்கு 2 விழுக்காடே.

பூனையின் நீரிழிவு மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது என்பதற்கும் உறுதியான சான்று கிடைத்தது. 1987-இல் சுவீடனின் பெர் வெஸ்டர்மார்க் குழுவினர், மனிதரின் இன்சுலின் சுரக்கும் கட்டியிலும் நீரிழிவுற்ற பூனையின் கணையத் திட்டுகளிலும் படிந்திருந்த பொருள் ஒரே வகைப் புரதத்திலிருந்து வந்தது என்று நிறுவினர். அமிலின் என்று இன்று அறியப்படும் சுரப்பு அது. நாய்களில் பெரும்பாலும் கணையச் செல்கள் மீளாவண்ணம் அழிகின்றன. பூனையிலோ, மிகுசர்க்கரையால் ஒடுங்கிய செல்களில் ஒரு பகுதி இன்னும் உயிரோடிருக்கலாம். சர்க்கரையை விரைவில் தாழ்த்தினால் அவை மீண்டும் செயற்படக்கூடும். நோய்த் தணிவு, அதாவது இன்சுலின் இன்றியே சர்க்கரை சீராக இருக்கும் நிலை, பூனைக்குச் சாத்தியமாவதற்கு இதுவே அடிப்படை.

மரபுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பர்மியப் பூனைகளிடையே நீரிழிவு மிகுதியாகக் காணப்படுகிறது. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவிலிருந்து 1930-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வாங் மாவ் என்ற ஒரே பெண்பூனையிலிருந்து அந்த இனத்தின் நவீன வரலாறு தொடங்குகிறது.

5. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2001-இல் ஃபிராங்க் குழுவினர், நார்ச்சத்து மிகுந்த உணவிலிருந்த 9 பூனைகளைப் புரதம் மிகுந்த, மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாற்றினர். இன்சுலின் தேவை பாதிக்குமேல் குறைந்தது. 3 பூனைகளுக்கு அதை முற்றிலும் நிறுத்த முடிந்தது. 2006-இல் பென்னட் குழுவினர் 63 பூனைகளை 16 வாரங்கள் கவனித்தனர். மாவுச்சத்துக் குறைந்த டப்பா உணவு உண்டவற்றில் 68 விழுக்காடும், மிதமான மாவுச்சத்தும் மிகுந்த நார்ச்சத்தும் கொண்ட டப்பா உணவு உண்டவற்றில் 41 விழுக்காடும் இன்சுலின் தேவையிலிருந்து விடுபட்டன.

2009-இல் ரூம்ப், ராண்ட் ஆகியோர் 55 பூனைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கிளார்ஜின் இன்சுலின், மாவுச்சத்துக் குறைந்த உணவு, வளர்ப்போர் வீட்டிலேயே பலமுறை அளந்து எழுதிவைத்த சர்க்கரைக் குறிப்புகள் ஆகிய மூன்றும் அதில் இணைந்திருந்தன. நோய் உறுதியான 6 மாதங்களுக்குள் இம்முறையைத் தொடங்கியவற்றில் 84 விழுக்காடு தணிவு பெற்றன. பின்னர் தொடங்கியவற்றில் அது 35 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வெண்களை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். ஆய்வுகள் சிறியவை. 41 விழுக்காடு என்பதும் புறக்கணிக்கத்தக்க எண் அன்று. மாவுச்சத்து மிகக் குறையாத உணவிலும் பல பூனைகள் தேறியிருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் உயர் விழுக்காட்டில் உணவின் பங்கு எவ்வளவு, இன்சுலினின் பங்கு எவ்வளவு, இடைவிடாது அளந்த மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. தணிவு பெற்ற பூனைகளில் ஒரு பகுதிக்கு நோய் மீண்டும் வருவதும் அறியப்பட்டதே.

உலர் உணவே நோயை உண்டாக்குகிறது என்ற பரவலான கூற்றும் இன்னும் தீராத வழக்கு. 2009-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு, உலர் உணவின் அளவைக் காட்டிலும் வீட்டுக்குள் அடைபட்டிருப்பதும் இயக்கமின்மையுமே இடர் என்று கூறியது. 2017-இல் வெளியான சுவீடன் ஆய்வு, இயல்பான எடையுள்ள பூனைகளில் உலர் உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு கண்டது. உடற்பருமனே நீரிழிவுக்கு முதன்மையான இடர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாவுச்சத்துக் குறைந்த உணவு கொழுப்பு மிகுந்ததாக இருந்து அளவின்றி வைக்கப்பட்டால் பூனை மேலும் பருக்கும்.

6. பட்டினியின் எல்லை

மனித மருத்துவம் கடந்துவந்த பாதையை அப்படியே பூனைக்குத் திருப்பிச் செய்ய முடியாது என்பதே இவ்வரலாற்றின் மிகக் கூர்மையான பாடம். ரோலோவின் இறைச்சி உணவு பூனைக்குப் பொருந்துகிறது. பூஷார்தாவின் உண்ணா நாளும் ஆலனின் பட்டினியும் பொருந்தா. உணவின்றிச் சில நாள்கள் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனையின் கல்லீரலில் கொழுப்பு நிறைந்து உயிருக்கு ஆபத்தான நோய் உண்டாகும். புதிய உணவை ஏற்க மறுக்கும் பூனையை, பசித்தால் உண்ணும் என்று விட்டுவிடுவது இதனால்தான் தவறு. பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து நாள்கள், தேவையெனில் வாரங்கள் எடுத்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இதற்கு நேர்மாறானது. உணவு மாற்றம் சிறப்பாக வேலை செய்வதே ஆபத்தாகலாம். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவை சில நாள்களிலேயே சரியக்கூடும். பழைய அளவையே தொடர்ந்து செலுத்தினால் தளர்ச்சி, தள்ளாட்டம், வலிப்பு, இறப்பு என்று நிலைமை செல்லும். ஆகவே உணவு மாற்றம் மருத்துவரின் அறிவோடும் அன்றாட அளவீட்டோடும் மட்டுமே நடைபெற வேண்டும். மனிதருக்கான அளவுமானிகள் பூனையின் குருதியில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுபவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். உணவு மட்டும் போதும் என்று எண்ணி இன்சுலினைத் தாமே நிறுத்துவது மற்றோர் எல்லை. அதன் முடிவு குருதியில் அமிலம் பெருகும் கீட்டோன் நிலை. சிறுநீரக நோயும் உள்ள பூனைக்குப் புரதமும் பாஸ்பரசும் எவ்வளவு என்பது தனியே தீர்மானிக்கப்பட வேண்டியது. 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வாய்வழி மருந்துகளும், சர்க்கரை உயராத நிலையிலும் அந்தக் கீட்டோன் ஆபத்தை விளைவிக்கக்கூடும் என்பதால், தேர்ந்தெடுத்த பூனைகளுக்கே அளிக்கப்படுகின்றன.

7. கிண்ணத்தை நிரப்பும் கை

இந்தியாவின் கால்நடை மருத்துவம் போர்க்குதிரைகளையும் உழவு மாடுகளையும் முன்னிட்டு வளர்ந்தது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடியாக 1889-இல் புனேயில் தோன்றிய ஆய்வுக்கூடத்தின் கவலைகளில் வீட்டுப் பூனை இல்லை. பாலும் சோறும் மீதமான மீன்முள்ளும் உண்டு தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில் வாழ்ந்த அந்த உயிர், எலி பிடித்துத் தன் புரதக் கணக்கைத் தானே நேர்செய்துகொண்டது. அடுக்ககத்தின் கதவு மூடப்பட்டதும் அந்த வழியும் மூடப்பட்டது. இப்போது பூனையின் உடலுக்குள் செல்லும் ஒவ்வொரு கவளமும் மனிதரின் தேர்வு.

புலால் உண்ணாத இல்லங்களில் இது அறச்சிக்கலாகவும் எழுகிறது. பால்சோறும் தயிர்சோறும் அன்பின் வெளிப்பாடுகள்; நீரிழிவுற்ற பூனைக்கு அவை ஏற்கத்தக்க உணவு அல்ல. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் உருவாக்கிக்கொள்வதில்லை. அதன் குறைவால் பார்வை கெடும் என்பது 1975-இலும், இதயம் தளரும் என்பது 1987-இலும் அறியப்பட்டன. ஓர் உயிரை வீட்டில் வைத்துக்கொள்வது அதன் உடலமைப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகும். வளர்ப்போரின் நோன்பை அதன்மீது ஏற்றுவது ஆகாது. மறுபுறம், நாள்தோறும் இரண்டு ஊசியும் டப்பா உணவும் வாங்கும் வசதி எல்லா இல்லங்களுக்கும் இல்லை. தொடக்க மாதங்களில் தரப்படும் தீவிர கவனிப்பு பிற்கால இன்சுலின் செலவைக் குறைக்கக்கூடும் என்பதால், மேற்சொன்ன 6 மாத எல்லை அத்தகைய இல்லங்களுக்கே மிகுதியும் பொருள்படும்.

பட்டினி கிடந்த குழந்தைகள், கட்டப்பட்ட பூனைகள், கணையம் இழந்த நாய்கள் ஆகிய அனைவரின் உடல்களும் சேர்ந்து தந்த அறிவே இன்று ஒரு பூனையின் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றில் விலங்கு பெரும்பாலும் சான்றாகவே இடம்பெறுகிறது. அரிதாக, அது தந்த சான்றின் பயன் அதனிடமே திரும்புகிறது. நீரிழிவுற்ற பூனையின் உணவு அத்தகைய அரிய நிகழ்வுகளுள் ஒன்று. அது முழுமையடைவது, கிண்ணத்தை நிரப்பும் கை அளந்து, எழுதிவைத்து, மருத்துவரைக் கேட்டுச் செயற்படும்போதுதான்.